முடிந்தது என்று சொல்லும் உரிமை

ஓர் இசைத்தொகுப்பு எந்தத் தேதியில் முடிந்தது என்பதைத் தீர்மானிக்கச் சொல்லி லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பக்கம் 'டாக் டாக்' என்னும் ராக் குழு. எதிர்ப்பக்கம் அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனியான இ.எம்.ஐ. வழக்குக்குக் காரணமான தொகுப்பு 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. 1988 செப்டம்பரில் இ.எம்.ஐ.யின் பார்லோஃபோன் முத்திரையில் வெளிவந்தது. ஒப்பந்தப்படி, தொகுப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் கம்பெனி எழுத்துமூலம் தெரிவித்தால்தான் குழுவை மேற்கொண்டும் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியும். மார்ச்சிலேயே பதிவை முடித்துவிட்டோம், கெடு தாண்டிப்போயிற்று, நாங்கள் கிளம்புகிறோம் என்றது குழு. பதிவு எங்களுக்குத் திருப்தியளித்த நாளிலிருந்துதான் மூன்று மாதக் கணக்குத் தொடங்கும் என்றது கம்பெனி. முதலில் விசாரித்த நீதிபதி கம்பெனியின் வாதத்தை ஏற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. குழு விடுபட்டது.

ராக் ரசிகர்களிடையே இந்த வழக்கு வேறு மாதிரி உலவுகிறது. விற்க முடியாத இசையைக் கொடுத்ததற்காகக் கம்பெனி கலைஞர்கள்மேல் வழக்குப் போட்டது என்று கட்டுரைகளிலும் அஞ்சலிக் குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பணமே குறியான கம்பெனி, பணியாத கலைஞன் என்று சொல்லும்போது கதை எடுப்பாகத்தான் இருக்கிறது. நடந்ததோ தேதித் தகராறு. எனக்கு இந்தத் தகராறுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு படைப்பு முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு, செய்தவனுக்கா, காசு போட்டவனுக்கா என்பதை நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் ஒலிப்பதிவுக்கூடத்தின் இருட்டில் அந்தக் குழு போராடிக்கொண்டிருந்ததும் இதே கேள்வியோடுதான். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது, எங்கே நிறுத்துவது.

இந்த இடத்துக்கு அவர்கள் வந்த வழி விசித்திரமானது. 1981இல் லண்டனில் குழு தொடங்கியபோது மார்க் ஹாலிஸ் பாடினார், பால் வெப் பேஸ் கிதார், லீ ஹாரிஸ் டிரம்ஸ், சைமன் பிரென்னர் கீபோர்டு. கம்பெனி அவர்களை அந்தக் காலத்து சிந்தசைசர் பாப் வரிசையில் நிறுத்தியது. அதே கம்பெனியின் 'டுரான் டுரான்' குழுவுக்குத் தயாரிப்பாளராக இருந்த காலின் தர்ஸ்டனே இவர்களுடைய முதல் தொகுப்புக்கும் தயாரிப்பாளர். மேடையிலும் டுரான் டுரானுக்கு முன்னால் வாசிக்கும் துணைக்குழுவாக இவர்களை அனுப்பினார்கள். இரட்டைச் சொல்லாலான பெயர்கூடப் பொருந்திப் போயிற்று. 1984இல் 'இட்ஸ் மை லைஃப்' ஐரோப்பாவில் நன்றாக ஓடியது. அப்போது தயாரிப்பாளராக வந்த டிம் ஃப்ரீஸ்-கிரீன் ஹாலிஸோடு சேர்ந்து பாடல்களை உருவாக்கவும் ஆரம்பித்தார். புகைப்படங்களில் இவர் இல்லை. ஆனால் இந்தக் கதையில் பாதி அவருடையது. 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' பிரிட்டனில் 8ஆம் இடம்வரை ஏறியது. அந்த வருடத்துச் சுற்றுப்பயணத்தோடு ஹாலிஸ் மேடையை விட்டார். பிறகு ஏறவே இல்லை.

வெற்றி கொடுத்த செல்வாக்கை அவர் எதற்குச் செலவிட்டார் என்று பார்த்தால், நேரத்துக்குத்தான். கம்பெனியிடம் முன்கூட்டியே பாட்டைப் போட்டுக் காட்டவில்லை. கெடு இல்லை, குறுக்கீடு இல்லை, செலவு கம்பெனியுடையது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்தச் சுதந்திரத்துக்குக் காசு கொடுத்தது இ.எம்.ஐ.தான். அது கலை நம்பிக்கையால் வந்த தாராளம் அல்ல, அடுத்த ஹிட் வரும் என்ற கணக்கு. ஆனாலும் அந்தக் கணக்கு இல்லாமல் இந்த இசை இல்லை.

வட லண்டன் ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடம் முன்பு தேவாலயத்தைச் சேர்ந்த மண்டபமாக இருந்த கட்டடம். செக்ஸ் பிஸ்டல்ஸும் கிளாஷும் தங்கள் மிக உரத்த பதிவுகளைச் செய்தது அங்கேதான். 1987இல் அங்கே நுழைந்த டாக் டாக் விளக்குகளை அணைத்தது. எண்ணெய்த் துளிகள் மிதந்து நிறம் மாறும் புரொஜெக்டர் ஒன்று, விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு ஒன்று, வெளிச்சம் அவ்வளவுதான். பகலா இரவா என்று தெரியாத அந்த அறையில் ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன் மாதக்கணக்கில் அதே ஆறு பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வழக்கம் மைக்கை வாத்தியத்தின் வாயருகே வைக்காமல் தள்ளி வைப்பது. வாத்தியத்தோடு சேர்ந்து அறையும் பதிவாக வேண்டும் என்பார். தொகுப்பைக் கேட்கும்போது டிரம்ஸ் நமக்கு எதிரே இல்லாமல் கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஒவ்வொரு வாத்தியக்காரராக வந்தார்கள். 'பென்டாங்கிள்' குழுவில் வாசித்த டபுள் பேஸ்காரர் டேனி தாம்ப்சன், ஜாஸ் டிரம்பெட்காரர் ஹென்றி லோதர், ப்ளூஸ் குழுவிலிருந்து மௌத்தார்கன் வாசிக்க மார்க் ஃபெல்தம், கிதாருக்கு ராபி மெக்கின்டாஷ், வயலினுக்கு நைஜல் கென்னடி. அவர்கள்முன் எழுதிய சுரத்தாள் இல்லை. இருட்டில், பாட்டின் ஏதோ ஒரு பகுதி காதில் ஒலிக்க, தோன்றியதை வாசிக்க வேண்டும். மணிக்கணக்கில் வாசித்ததில் பயன்பட்டது சில வினாடிகள். மீதி அழிந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற வேலை இல்லை இது. நல்ல அரிசியையே மரக்கால் மரக்காலாகக் கொட்டிவிட்டு ஒரு பிடியை வைத்துக்கொள்கிற வேலை. சரியாக வாசித்தார் என்பது ஒன்றை வைத்துக்கொள்ளப் போதுமான காரணமாக இருக்கவில்லை. தவறி விழுந்த ஒரு சுரம், வாசிக்கத் தொடங்குமுன் கலைஞர் கைபழகிப் பார்த்த ஒரு கீற்று, அவைதான் பலமுறை தங்கின. அவசியம் இல்லாத சுரத்தை வாசிக்கக்கூடாது, இரண்டு சுரம் வாசிக்குமுன் ஒரு சுரத்தை வாசிக்கக் கற்க வேண்டும் என்பது ஹாலிஸ் பேட்டிகளில் சொன்ன கருத்து. சொல்லுவது யாருக்கும் எளிது. அதற்காக ஒரு வருடத்து நல்ல வாசிப்பை அழிக்கத் துணிய வேண்டும்.

வந்தவர்களில் ஹியூ டேவீஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இளம் வயதில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் உதவியாளராக இருந்தவர், தானே வாத்தியங்களைச் செய்கிறவர். ஒரு கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதியின் அட்டைக்குள் சுருள்கம்பி, ரம்ப அலகு, பால்பேரிங் போன்ற உலோகச் சாமான்களைப் பொருத்தி, மைக் வைத்து, விரலால் தட்டியும் சுரண்டியும் வாசித்தார். அந்தத் தொகுதியின் முதுகில் எந்த எழுத்துகளிலிருந்து எந்த எழுத்துகள்வரை என்று அச்சிட்டிருந்ததோ அதையே சேர்த்து வாத்தியத்துக்கு 'ஷோசிக்' என்று பெயர் வைத்தார். பாப் தொகுப்பொன்றின் வாத்தியக்காரர் பட்டியலில், கிதாருக்கும் ஆர்கனுக்கும் நடுவே, புத்தக அட்டைக்குள் குடியிருக்கும் இந்த வாத்தியமும் இருக்கிறது. விசித்திரத்துக்காக அவரை அழைக்கவில்லை என்பது கேட்டால் தெரியும். பாட்டு மெலிந்துபோகும் இடங்களில் எங்கிருந்தோ உரசலும் கிரீச்சிடலும் வருகின்றன. யாரோ அடுத்த அறையில் மரச்சாமானை நகர்த்துகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். அமைதி வெறுமையாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த ஒலிகள்தான்.

தொகுப்பின் முதல் பக்கம் 'தி ரெயின்போ', 'ஈடன்', 'டிசையர்' என்ற மூன்று பாடல்களும் இடைவெளியின்றி ஒன்றாக ஓடுவது. ஏறக்குறைய 23 நிமிடம். தொடக்கத்தில் ஒரு டிரம்பெட் நீண்ட சுரத்தைப் பிடிக்கிறது. தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் அதனடியில் முனகுகின்றன. தாளம் இல்லை. இரண்டு நிமிடம் போல இப்படியே போகிறது. வானொலிக்காக இசை செய்த காலத்தில் இரண்டு நிமிடம் என்பது பாதிப் பாட்டு. பிறகு ஒரு கிதார், முரட்டுத்தனமாக, பழைய ப்ளூஸ் போல இரண்டே சொற்றொடர் பேசுகிறது. டிரம்ஸ் அவசரப்படாமல் நடக்க ஆரம்பிக்கிறது. ஃபெல்தமின் மௌத்தார்கன் ஆம்ப்ளிஃபயர் வழியே கிழிந்து, பயமூட்டும் அளவுக்கு உரக்க வந்து அடங்குகிறது. மனிதக் குரலுக்கு இன்னும் பொறுத்திருக்க வேண்டும். வரும்போது அது பாடுவதைவிட மூச்சு விடுவதையே அதிகம் செய்கிறது.

ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு மெதுவான தொடக்கம் புதிதல்ல. எனக்கும் முதலில் அந்தப் பழக்கமே கைகொடுத்தது. ஆனால் ஆலாபனையில் ஒருவர் கையில் நூல் இருக்கிறது. அவர் எங்கே போகிறார் என்று நாமும் கூடவே போகலாம். இங்கே வாசித்தவர்களில் பலர் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. டிரம்பெட்காரர் போன வாரம் வந்தார், மௌத்தார்கன்காரர் அடுத்த மாதம் வருவார். அவர்களுக்குள் நடக்கும் உரையாடலாக நாம் கேட்பது இருட்டறையில் ஹாலிஸ், ஃப்ரீஸ்-கிரீன், பிரவுன் மூவரும் உட்கார்ந்து வெட்டியும் நகர்த்தியும் கட்டியது. இது தெரிந்த பிறகும் அந்த உரையாடல் பொய்யாகத் தோன்றவில்லை. ஒரே நேரத்தில் ஒரே மேடையில் மனோதர்மமாகப் பிறப்பதே உயிருள்ள இசை என்ற நம் நம்பிக்கையை இந்த முதல் பக்கம் நெருக்கடிக்குள்ளாக்குகிறது. எனக்கு அதற்கு முழுப் பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் உறுதி. ஒவ்வொரு துணுக்கும் வாசித்தவர் கையில் அந்தக் கணத்தில் உண்மையாகப் பிறந்தது. அப்படிப் பிறக்காததைத்தான் அழித்தார்கள்.

'டிசையர்' இந்தப் பொறுமைக்கு வரும் வெடிப்பு. ஆர்கனும் குரலும் ஒடுங்கி ஒடுங்கிக் கிட்டத்தட்ட இல்லாமற் போகும் நேரத்தில் கிதாரும் தாளவாத்தியங்களும் மொத்தமாக வந்து மோதுகின்றன. மறுபடி ஒடுக்கம், மறுபடி மோதல். இந்தத் தொகுப்பைச் சாந்தமான இசை, தியான இசை என்று பரிந்துரைக்கிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டவர்களுக்கு இது வெறும் இரைச்சல். கூட்டி வைத்துக் கேட்டவர்களுக்குத்தான் முந்தைய இருபது நிமிடம் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று புரியும்.

வேலை முடிந்து கம்பெனிக்குக் கேட்கக் கொடுத்தபோது அவர்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பதை ஊகிக்கலாம். சிங்கிளாக வெளியிட எதுவும் இல்லை. சுற்றுப்பயணம் கிடையாது என்று ஹாலிஸ் சொல்லிவிட்டார். இருட்டில் துணுக்கு துணுக்காகப் பிறந்ததை மேடையில் மறுபடி வாசிக்கச் சொன்னால் அது மனப்பாடம் ஆகிவிடும் என்பது அவர் பக்கத்து நியாயம். கம்பெனி இரண்டாம் பக்கத்திலிருந்து 'ஐ பிலீவ் இன் யூ' பாட்டை எடுத்துச் சுருக்கி சிங்கிளாக்கியது. ஹெராயினுக்கு எதிராக, கும்பிட்டுக் கேட்கும் தொனியில் அமைந்த பாட்டு. செம்ஸ்ஃபர்ட் தேவாலயப் பாடகர் குழு அதில் எழும் இடம் இந்தத் தொகுப்பிலேயே மிக வெளிப்படையான அழகு. அதை வானொலி அளவுக்கு நறுக்கியதும், அதற்கொரு வீடியோ எடுத்ததும் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அந்த வீடியோவுக்கு இசைந்தது தவறு என்று ஹாலிஸ் பின்னால் வருந்தினார். பாட்டும் எங்கும் ஏறவில்லை.

தொகுப்பு பிரிட்டிஷ் பட்டியலில் 19ஆம் இடத்தைத் தொட்டுவிட்டுச் சில வாரங்களில் இறங்கியது. முந்தைய தொகுப்பின் பெயரால் வாங்கியவர்கள் வாங்கினார்கள், அவ்வளவே. விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். சிலர் இதன் துணிச்சலைக் கண்டார்கள், சிலருக்கு இது தற்பெருமை. அதே நைஜல் கென்னடி மறு வருடம் அதே இ.எம்.ஐ.க்காக விவால்டியின் 'நான்கு பருவங்கள்' வாசித்து வெளியிட்டார். அது இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. கம்பெனிக்கு விற்கத் தெரியாமல் இல்லை. இதை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஜேம்ஸ் மார்ஷ் வரைந்த அட்டையில் ஒரு மரம், அதன் கிளைகளில் பறவைகளும் கடற்சிப்பிகளும். பாடகர்களின் முகம் எங்கும் இல்லை. பாப் பகுதியில் நின்றவருக்கு அது எதையும் சொல்லியிருக்காது.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழு கையைவிட்டுப் போனபிறகு, 1990இல், கம்பெனி பழைய ஹிட் பாடல்களைத் திரட்டி 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்று வெளியிட்டது. குழுவின் சம்மதம் கேட்கவில்லை. அது 3ஆம் இடத்துக்கு ஏறியது. 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' கனவிலும் காணாத இடம். அதோடு விடாமல் 1991இல் அந்தப் பாடல்களை வேறு ஆட்களிடம் கொடுத்து நடன மேடைக்கு ஏற்ற ரீமிக்ஸாக்கி இன்னொரு தொகுப்பு போட்டது. குழு வழக்குத் தொடுத்தது. கம்பெனி பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. ஒரு சுரத்தைத் தங்க விடுவதற்கே அவ்வளவு யோசித்த ஒருவர் பாடியதன்மேல், அவரைக் கேட்காமல் இன்னொருவர் தாளம் போட்டு வெளியிடுவது வெறும் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. முடிந்துபோனதை முடியவில்லை என்று சொல்லித் திறப்பது அது. இந்த முறையும் சட்டம் அவர் பக்கம் நின்றது எனக்கு நிம்மதி.

வெர்வ் முத்திரையில் 1991இல் 'லாஃபிங் ஸ்டாக்' வந்தது. பால் வெப் அதற்குமுன்பே விலகியிருந்தார். இன்னும் கடுமையான, இன்னும் சிதறிய தொகுப்பு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அதோடு குழு கலைந்தது. 1998இல் ஹாலிஸ் தன் பெயரிலேயே ஒரு தொகுப்பு கொடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு நல்ல தகப்பனாக இருக்க முடியாது, குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று காரணம் சொன்னார். 2012இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகச் சின்னதாக ஓர் இசைத்துண்டு செய்தார். 2019 பிப்ரவரியில், 64 வயதில், இறந்தார்.

அந்த இருபது வருடமும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. எப்போது திரும்புவார், ஏன் திரும்பவில்லை, என்ன நேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தொலைக்காட்சித் துண்டு வந்தபோது இதோ தொடங்கிவிட்டார் என்றார்கள். அவர் துறவி என்றும் மறைந்து வாழ்கிறார் என்றும் எழுதினார்கள். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்த மனிதரை மறைந்துவிட்டார் என்று சொல்வது என்ன நியாயம்? அவர் முடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். எங்களுக்குத் திருப்தியாகும்வரை முடியவில்லை என்று நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்பால் பேசினாலும் அது கம்பெனி வக்கீலின் வாதம்தான்.

தொகுப்புக்குப் பெருமை வந்தது மெதுவாக. 1994இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் ராக் வாத்தியங்களை ராக் அல்லாத காரியங்களுக்குப் பயன்படுத்தும் இளம் குழுக்களைச் சுட்ட 'போஸ்ட்-ராக்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் அந்தப் பெயரோடு பேசிய 'பார்க் சைக்கோசிஸ்' குழுவின் இசையைக் கேட்டால் அது எங்கே படித்தது என்று உடனே தெரியும். 'எல்போ' குழுவின் கை கார்வி போன்றவர்கள் ஹாலிஸுக்குத் தங்கள் கடனை வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' போஸ்ட்-ராக்கின் மூதாதை என்றே அறிமுகமாகிறது.

இந்த மூதாதைப் பட்டத்தில் எனக்குச் சம்மதமில்லை. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது முதல் பக்கத்திலிருந்து ஒரு வித்தையை. மெல்லத் தொடங்கி, நிறைய நேரம் காக்கவைத்து, கிதார்களை மொத்தமாக அவிழ்த்துவிடுவது. அந்த வித்தை எவ்வளவு சீக்கிரம் சூத்திரமாகியது என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளாதது நிறைய இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் கடந்து போகும் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்ஹெரிடன்ஸ்' பாட்டில் தூரிகை போலத் தாளத்தட்டைத் தடவிக்கொண்டு போகிற லீ ஹாரிஸ், பியானோவுக்கு வழிவிட்டு ஒதுங்கும் குரல், நடுவில் எதிர்பாராமல் நுழையும் மரக்குழல்கள். ஓபோ, கிளாரினெட், பஸூன் என்று மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, பாட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் கொஞ்சநேரம் தமக்குள் பேசிவிட்டுப் போகிறார்கள். அதில் ஏற்றம் இல்லை, வெடிப்பு இல்லை, அதற்குமுன் வந்ததற்கு விளக்கமும் இல்லை. ஹாலிஸ் தெபூஸியையும், கில் எவன்ஸோடு மைல்ஸ் டேவிஸ் செய்த பதிவுகளையும் விடாமல் கேட்டவர் என்பது இந்த இடத்தில் தெரிகிறது. புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் இந்தப் பாட்டைத்தான் முதலில் சொல்வேன். போஸ்ட்-ராக் என்ற பெயருக்குள் அந்த மரக்குழல்களுக்கு இடமே இல்லை.